புள்ளிக்காக எழுதப்படும் மனம்

சித்திரம் பயிலும் மாணவர் தம் பயிற்சிக் காலத்தில் சிந்தனைக் குறிப்பேடு ஒன்றினைப் பேணவேண்டுமா என்னும் வினாவுக்கு இரு சாரார் இரு வேறு விடைகளைக் கூறிவருகின்றனர். தூரிகை பிடித்த கைக்குப் பேனா எதற்கு என்பது ஒரு சாராரின் விடை. குறிப்பேடு கட்டாயம் வேண்டும், அதனைப் பன்னிரண்டாம் வாரத்தில் ஒப்படைக்கவும் வேண்டும், அதற்குப் புள்ளிகளும் வழங்கப்படும் என்பது மற்றைய சாராரின் விடை. முதலாவது விடை பழமையின் பெயரால் வருவது. இரண்டாவது புதுமையின் பெயரால் வருவது. இரண்டும் ஒன்றையொன்று பகைப்பனபோலத் தோன்றினும், மாணவனின் கண்ணைக் குருடாக்கும் பணியில் இரண்டும் கூட்டாளிகளே என்பதனை இவ்விடத்து எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

பழமைவாதியின் கூற்றை முதலிற் பார்க்கலாம். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலொன்று சித்திரத்தைக் கையின் பழக்கத்துக்கு உரியதாக்கிற்று. ஆதலால் வரைந்து வரைந்து பழகுவதே ஓவியனின் கல்வி, எழுதுவது அவன் வேலையன்று என்பர். அதே பாடல் கல்வியை மனத்தின் பழக்கத்துக்கு உரியதாக்குவதை மட்டும் இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். இது கிடக்க, தமிழ்மொழியே இவர்களுக்கு எதிர்ச்சாட்சி சொல்கின்றது. பழந்தமிழில் ‘எழுதுதல்’ என்னும் வினை சித்திரம் தீட்டுதலையும் குறிக்கும், எழுத்து வரைதலையும் குறிக்கும். கண்ணுக்கு மை எழுதினர். சுவரில் ஓவியம் எழுதினர். ஓலையில் எழுத்தும் எழுதினர். திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைப் பரிபாடல் ‘எழுத்துநிலை மண்டபம்’ என்றே பெயரிட்டு அழைக்கின்றது. அங்கு வந்தோர் வாய்மூடி நின்றனர் என்றும் அப்பாடல் கூறவில்லை. இது யாது, இவர் யாவர் என ஒருவர் வினவ, மற்றவர் சுட்டிக்காட்டி விளக்கியதாகவே காட்சி அமைகின்றது. சித்திரத்தைப் பற்றிச் சொல்லாற் சிந்திப்பது மேனாட்டு இறக்குமதி என்று கூறுவோர் தம் வீட்டு முற்றத்தையே அறியாதவர் எனலாம்.

ஆனந்த குமாரசுவாமியைத் துணைக்கழைப்பவரும் உளர். 1908 இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவரது பெருநூல், கைவினைஞனைச் சமூகத்தின் உறுப்பாகக் கண்டது; தன்னைத் தானே வியந்துகொள்ளும் தனியாளாகக் கண்டதன்று. உண்மையே. ஆயின் அந்தக் கைவினைஞன் குறிப்பேடு எழுதாமைக்குக் காரணம் யாது? அவனுடைய குறிப்பேடு அவனது குலத்தின் நினைவில் இருந்தது. அளவுப் பிரமாணங்கள் சுலோகங்களாய் வாயில் இருந்தன. வண்ணம் கூட்டும் முறை தந்தையின் கையில் இருந்தது. தவறினால் தலையிற் குட்டுவதற்குத் தமையன் பக்கத்தில் இருந்தான். இன்று நுண்கலை பயில வரும் மாணவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. நான்கு ஆண்டுகளும் ஒரு விடுதி அறையும் மட்டுமே அவனுக்கு உண்டு. நினைவைக் காக்கும் கூட்டம் சிதறிய பின்னர், நினைவை வைப்பதற்கு ஒரு கொப்பியாவது வேண்டாவா?

நாட்குறிப்பு எழுதுதல் தமிழனுக்குப் புதிய வழக்கமும் அன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், தாம் கண்டதையும் கேட்டதையும் பேச்சுவழக்குத் தமிழிலேயே எழுதிவைத்தார். அவர் கலைஞர் அல்லர், வணிகர். எனினும் எந்தக் கப்பல் எந்த நாழிகையில் வந்தது, யார் எத்தகைய துணி போர்த்தியிருந்தார், எத்தனை பீரங்கி முழங்கிற்று என அவர் குறித்த நுணுக்கம், ஓவியம் பயில்வோர் பொறாமைப்படத்தக்கது. தம் மனம் அன்று எவ்வாறு வளர்ந்தது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. கண்டதைக் குறித்தார்; மனம் தானே அதற்குள் வந்து அமர்ந்துகொண்டது.

இனி இரண்டாஞ் சாராரை நோக்கலாம். இவர்களோடுதான் வழக்கு மிகுதி. இன்று அதிகாரம் இவர்கள் கையில் உள்ளமையே காரணம்.

‘சிந்திக்கும் தொழிலோன்’ என்னும் கருத்தை 1983 இல் டொனால்ட் ஷோன் தம் நூலில் விரித்துரைத்தார். அந்நூலில் வரும் புகழ்பெற்ற காட்சி ஒரு கட்டடக்கலைப் பயிற்சிக் கூடத்தில் நிகழ்கின்றது. மாணவியின் வரைபடம் மேசையில் கிடக்கின்றது, ஆசிரியர் அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, வரைந்தபடியே பேசுகின்றார், பேசியபடியே வரைகின்றார். சிந்தனை கையோடு சேர்ந்து நடக்கின்றது. ஷோன் கண்டது இதுதான். நிறுவனங்கள் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டன என்பதோ வேறு கதை. 1988 இல் கிரகாம் கிப்ஸ் வகுத்த ஆறுபடி வட்டம் வந்தது: விபரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயற்றிட்டம். தாதியர் பயிற்சிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் அது பரவிற்று. கலைக்கூடங்களின் வாயிலையும் வந்தடைந்தது. கையோடு நடந்த சிந்தனை, கட்டங் கீறிய படிவமாயிற்று. ஆறு தலைப்புக்களுள் ‘உணர்வு’க்கு ஓர் இடம் உண்டு, ‘பார்வை’க்கு இடமே இல்லை. ஓவியனுக்கு வகுக்கப்பட்ட படிவத்தில் கண்ணுக்கு இடமில்லாமற் போனமை விந்தையிலும் விந்தை.

இதன் விளைவை அறிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. ஒப்படைக்கும் நாளுக்கு முதல் இரவில் எந்த மாணவர் விடுதியிலும் எட்டிப் பார்த்தாற் போதும். பன்னிரண்டு வாரக் குறிப்பேடு ஓர் இரவில் எழுதப்படுகின்றது. வெவ்வேறு நாள்களில் எழுதியதாகத் தோன்றும்பொருட்டு நீலம், கறுப்பு, மீண்டும் நீலம் எனப் பேனா மாற்றப்படுகின்றது. தாளின் ஓரத்தில் தேநீர்க் கறையும் கலைநயத்தோடு இடப்படுகின்றது. “இவ்வனுபவம் எனக்குப் பெரும் தன்னம்பிக்கையை ஊட்டியது”, “இக்குறையை இனிவருங் காலத்தில் நிவர்த்தி செய்வேன்” என்னும் வாக்கியங்கள் அறைக்கு அறை கைமாறுகின்றன. அவற்றை எழுதியவன் பொய்யன் அல்லன். கேட்கப்பட்டதைக் கொடுத்தவன் அவன். பரீட்சகர் விரும்பும் மனம் ஒன்றைச் செய்து கொடுத்தான். அந்த மனத்துக்கு எழுபது புள்ளி கிடைத்தது. கிடைத்த புள்ளியைக் காட்டிலும் அவன் கற்ற பாடம் பெரிது: அகத்தையும் ஒப்பனை செய்து விற்கலாம் என்பதே அப்பாடம்.

பெருங்கலைஞர் குறிப்பேடு எழுதவில்லையா என்று கேட்பர். எழுதினர். டெலக்ரூவா 1822 இல், இருபத்து நான்கு வயதில் தொடங்கினார். 1824 இல் நிறுத்திவிட்டார். 1847 இல் மீண்டும் எடுத்து 1863 இல் இறக்கும்வரை தொடர்ந்தார். இடையே இருபத்திரண்டு ஆண்டுகள் வெறுமை. இன்றைய பாடவிதானத்தின்படி அவர் சித்தியடைந்திருக்க மாட்டார். வன்கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களுள் எஞ்சியவை மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டவை. அவற்றில் மைக்கோட்டுச் சித்திரங்களின் பகுதிகளுக்கு இன்ன நிறம் என்று பெயரெழுதிக் காட்டினார். அவை ஒப்படைகள் அல்ல. அன்புள்ள ஒருவனிடம் சொன்ன செய்திகள். போல் கிளேயின் நாட்குறிப்பு 1898 முதல் 1918 வரை நீள்வது. அதில் ஒரு செய்தி பலரும் கருதாதது: கிளே பிற்காலத்தில் தம் குறிப்புக்களைத் திருத்திப் படியெடுத்தார். வாசகன் ஒருவன் வருவான் என்ற எண்ணமே போதும், கலைஞன் தலைவாரிக்கொள்கின்றான். வாசகன் கையில் சிவப்புப் பேனாவும் இருந்தால் மாணவன் நிலை என்னவாகும்?

இவையெல்லாம் மேனாட்டுக் கதைகள் என்று தள்ளுவோர்க்குச் சாட்டியைக் காட்டலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் எனச் செல்லும் வீதி வேலணைத் தீவின் தென்கரையில் சாட்டியை அடைகின்றது. ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட தீவு இது. வெண்மணற் கரை, ஆழமற்ற கடல், பனை, தென்னை. விடுமுறை நாளில் குளிக்க வருவோர் கூட்டம். சித்திரம் பயில்வோரும் இங்கு பலகையோடு வந்து அமர்வது இயல்பு. அவர்கள் வரைவது யாது? சாய்ந்த தென்னை ஒன்று. கரையேற்றிய தோணி ஒன்று. அடிவானத்தில் பாதி அமிழ்ந்த சூரியன். இந்தச் சித்திரத்தை வரைவதற்குச் சாட்டிக்கு வரவேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். வந்து திரும்பிய பின்னர் “இயற்கையின் எழிலில் என் மனம் இலயித்தது” என்று குறிப்பேடும் நிரப்பப்படும். புள்ளியும் கிடைக்கும்.

அதே கரையில் குறிப்பெடுக்கும் பழக்கமுள்ள ஒருவன் வந்தான் எனக் கொள்வோம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கிணறு இருப்பதை அவன் காண்பான். நீரை வாயில் விட்டுப் பார்ப்பான், இனிக்கும். உப்புக்கடலின் அயலில் நன்னீர் எவ்வாறு வந்தது? மாரி மழை மணலில் இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின் மேல், பாரம் குறைந்தமையால் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் வில்லைபோல் தங்கியிருக்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்தால் கீழே நாற்பது அடி உவர் ஏறும். துலா மிதித்து வாளியால் அள்ளிய காலத்தில் இந்த வில்லை தாங்கிற்று. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அச்சம் வந்தது. மணலை அள்ளிக்கொண்டு போனால் வில்லையைத் தாங்கும் பஞ்சே போய்விடும். அயலூரின் பெயர் மண்கும்பான்; ஊரார் தம் நிலத்தைப் பார்த்து வைத்துக்கொண்ட முதற்குறிப்பு அப்பெயரே. சாட்டிக் கிணறுகள் தம்மூருக்கு மட்டுமன்றி, நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் அயலூர்களுக்கும் ஈந்து வந்தவை.

நிலத்தின் கீழுள்ளதை ஓவியன் வரைய முடியாது என்று ஒருவர் கூறக்கூடும். முடியாதுதான். ஆயின் அதனை அறிந்து குறித்துக்கொண்டவன் வரையும் கிணறும், அறியாதவன் வரையும் கிணறும் ஒன்றாகா. அறியாதவனுக்குக் கிணறு ஒரு வட்டம். தென்னைக்குத் துணையாக இடப்பக்கத்தில் வைக்கப்படும் ஒரு பொருள். அறிந்தவனுக்கு அதுவே சித்திரத்தின் நடு. கடல் அதனைச் சூழ்ந்து நெருக்கும் பகை. கட்டின் உயரம், கயிறு தேய்த்த தடம், காலையில் குடத்தோடு நிற்பவர் நிழல் விழும் திசை ஆகிய யாவும் வேறு பொருள் பெறும். குறிப்பு சித்திரத்துக்கு விளக்கவுரை அன்று. சித்திரம் பிறப்பதற்கு முன்னர் கண்ணுக்குச் செய்யும் உழவு அது. அடம்பன் கொடி மணலை எவ்வாறு பிடித்து வைத்திருக்கின்றது என்று மூன்று வரி எழுதியவன், அக்கொடியைப் பச்சைக் கறையாகத் தீற்றிவிட்டுப் போகமாட்டான்.

இங்கு இன்னொரு கேள்வியும் எழுகின்றது. அது கலைக்கல்வியோடு மட்டும் நிற்பதன்று.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளப் பெறவியலாத சுவடிகளும் சாம்பலாயின. 1990 ஆகஸ்டில் தீவகத்தில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையை அடுத்து மக்கள் பெருந்தொகையாகத் தம் வீடுகளை விட்டு நீங்கினர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே ஓரிரவில் நடந்தது. நடந்தவர் கையில் எதைக் கொண்டுபோயினர்? உறுதி, பிறப்புச் சான்று, நகை. சித்திரக் கொப்பியைக் கொண்டுபோனவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எஸ். ஆர். கனகசபை முன்னின்ற வின்சர் கழகம், பெனடிக்ற் போன்றோர் வழிநடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகம், அங்கு பயின்று பின்னர் பலர்க்கு ஆசானாகிய அ. மாற்கு (1933–2000) என அது நீளும். எனினும் அவ்வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நினைவுகளையே இரந்து நிற்க நேர்கின்றது. 1987 இல் மாற்குவைப் பற்றித் ‘தேடலும் படைப்புலகமும்’ என்னும் நூலை அன்பர்கள் வெளியிட்டிராவிட்டால், அவர் ஓவியங்களைப் பற்றி இன்று பேசுவோர் எத்துணை வறியராய் இருந்திருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓர் ஓவியனின் மேசையருகே கிடந்த கொப்பிகள் எத்தனை எரிந்தன, எத்தனை கறையானுக்கு இரையாயின என்பதற்குக் கணக்கில்லை. கணக்கு எழுதும் வழக்கமே இருக்கவில்லை.

ஒல்லாந்தர் இந்நிலத்தைத் தோம்பிற் பதிந்தனர். எவனுக்கு எத்தனை பனை, எவனிடம் எத்தனை வரி என்பதே அப்பதிவு. 2011 இல் ஓவியர் தா. சனாதனன் ‘முழுமையற்ற தோம்பு’ என்னும் படைப்பை நூலுருவில் தந்தார். இடம்பெயர்ந்தோர் இழந்த தம் வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தாமே கீறினர். அதனைக் கட்டடக் கலைஞரின் வரைபடம் தொடர்ந்தது. அதனை ஓவியரின் சித்திரம் தொடர்ந்தது. கிணறு எங்கே, வேம்பு எங்கே, அம்மா இருந்த திண்ணை எங்கே என்னும் நடுங்கும் கோடுகளே அந்நூலின் உயிர். அரசன் எழுதிய தோம்புக்குக் குடிகள் எழுதிய மறுமொழி அது. குறிப்பேடு என்பது இந்நாட்டில் எதனைச் செய்யவல்லது என்பதற்கு இதனினும் மேலான சான்று தேவையில்லை.

இவ்வாறான மண்ணில்தான் மாணவனை நோக்கி, “உன் உணர்வை நேர்மையாக எழுதிக் காரியாலயத்தில் ஒப்படை” என்று கூறப்படுகின்றது. கூறுவோர் வரலாறு அறியாதவரா, அறிந்தும் மறந்தவரா? காவலரணில் ஒரு வரைபடத் தாளே ஐயத்துக்கு இடமளித்த காலம் இங்கு நெடிது. கொப்பிகளை எரித்தும் புதைத்தும் உயிர்காத்த தாய்தந்தையரின் பிள்ளைகளே இன்று வகுப்பறையில் இருக்கின்றனர். எழுதியதை அதிகாரம் வாசிக்கும் என்ற அச்சம் அவர்க்குத் தாய்ப்பாலோடு வந்தது. அவர்கள் ஒப்படைக்கும் குறிப்பேட்டில் தேய்ந்த வாக்கியங்களே காணப்படுகின்றன என்றால், அது சோம்பல் மட்டுமன்று. பரம்பரை எச்சரிக்கையும் ஆகும். இதனைச் ‘சிந்தனைத் திறன் போதாமை’ என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதும் விரிவுரையாளர் தம் சிந்தனைத் திறனைச் சற்றுப் பரிசோதித்துக்கொள்ளல் நன்று.

“புள்ளி இல்லையென்றால் எவரும் எழுதமாட்டார்” என்பர். இது வலுவான மறுப்பே, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நிர்வாகத்துக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்பதும் விளங்குகின்றது. ஆயின் எழுதாதவனை எழுதவைப்பதற்காக, எழுதக்கூடியவனையும் பொய்யெழுத வைப்பது எவ்வாறு நியாயமாகும்? சித்திரத்துக்குப் புள்ளியிடுக. வகுப்பில் மாணவன் தன் வேலையைப் பற்றிப் பேசுவதற்கும் வேண்டுமானால் இடுக. கொப்பி அவனுடையதாகவே இருக்கட்டும். தவணைக்கு ஒருமுறை அவன் தானே தெரிந்தெடுத்த மூன்று பக்கங்களை விரித்து வைத்து ஆசிரியரோடு பேசட்டும்; பேசி முடிந்ததும் மூடிக் கொண்டுபோகட்டும். ஏனைய பக்கங்களில் திட்டும் இருக்கலாம், காதலும் இருக்கலாம், கடைக்கணக்கும் இருக்கலாம். கடைக்கணக்கின் ஓரத்தில் கீறிய கோடுதான் அவ்வாண்டின் சிறந்த கோடாக அமையவும் கூடும். ஆசிரியரும் தமக்கென ஒரு கொப்பி வைத்திருந்தால் பேச்சு இன்னும் இலகுவாகும். தாம் எழுதாத ஒன்றை மாணவரிடம் வாரந்தோறும் கேட்பவர் எத்தனை பேர் என்பது அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கட்டங் கீறிய படிவம் மொழிபெயர்ப்பிற் பிறந்தது. அதற்கு விடையாக எழுதப்படும் தமிழும் மொழிபெயர்ப்புத் தமிழாகவே அமைகின்றது. தீவகத்து மாணவன் வீட்டில் காற்றுக்கு நான்கு பெயர் வைத்திருக்கின்றான்: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். ஒவ்வொன்றுக்கும் கடலின் நிறம் வேறு, மணல் நகரும் திசை வேறு, பனையோலை படபடக்கும் ஓசை வேறு, வள்ளம் கட்டும் பக்கமும் வேறு. அவன் தந்தை இந்நான்கையும் அறிந்தே தொழிலுக்குப் போனார். மகனின் குறிப்பேட்டிலோ “மெல்லிய காற்று வீசியது” என்று மட்டுமே காணப்படுகின்றது. அவன் வரைந்த சாட்டிக் கரைச் சித்திரத்தில் பனையோலைகள் எப்பக்கமும் சாயாது நிற்கின்றன. சோளகம் வீசும் ஆடி மாதத்தில் வரைந்த சித்திரம் அது என்று கீழே திகதி இடப்பட்டிருக்கின்றது. ஆறு தலைப்புக்களில் எதன் கீழும் காற்றின் பெயரை எழுத இடமிருக்கவில்லை.